நூல் இழுக்காத மோதிரம்

சாலிஹ் கட்டாரிலிருந்து ஒரேயடியாக ஊர் வந்த அன்று, பெட்டிகளைப் பிரித்ததும் முதலில் எடுத்தது சொக்லேட்டும் அல்ல, வாசனைச் சவர்க்காரமும் அல்ல. கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்து மனைவி நதீராவின் கையில் வைத்தான். வைத்துவிட்டு, பரீட்சை எழுதியவன் முடிவுக்கு நிற்பதுபோல நின்றான்.

உள்ளே ஒரு வைர மோதிரம். மெல்லிய தங்க வளையத்தின் உச்சியில் நான்கு நகங்கள் நீண்டு ஒற்றைக் கல்லை ஏந்திப் பிடித்திருந்தன. கல் பச்சரிசியை விடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அது நின்ற உயரத்துக்கு அதன் பக்கமெல்லாம் வெளிச்சம் புகுந்து, வீட்டுச் சுவரிலே நிறம் நிறமாகப் புள்ளி விழுந்தது.

"அல்லாஹ்வே, வைரமா மச்சான்?" என்றாள் நதீரா.

"போட்டுப் பாரு."

போட்டாள். அளவு சரியாக இருந்தது. மகள் நப்லா உம்மாவின் கையை இழுத்து யன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நதீராவின் கண் கலங்கியது. அது போதும் என்றிருந்தது சாலிஹுக்கு.

டோகாவில் ஒரு பெரிய கடையின் களஞ்சியசாலையில் அவனுக்கு வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். வந்த வேகத்தில் திரும்பிவிடுவான். அவன் போகும்போது மருதமுனையிலுள்ள அந்த வீட்டின் பின்வளவில் ஒரே ஒரு கைத்தறி இருந்தது. இப்போது தகரக் கொட்டில் ஒன்று எழுந்து, அதற்குள் நான்கு தறிகள் ஓடின. பாண்டிருப்பிலிருந்து பாலம்மாவும் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்களும் வேலைக்கு வந்தார்கள். நதீராவின் சாரிகளுக்கு அக்கரைப்பற்று, காத்தான்குடி என்று தூர ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது. கல்யாண வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடும் நதீராவுடையது, தறியும் நதீராவுடையது. சாலிஹுக்கு அதில் மனக்குறை ஏதுமில்லை. ஆனால் காலையில் சுபஹு தொழுதுவிட்டு, கடற்கரையில் ஒரு நடை நடந்து, தேநீர்க் கடையில் நாலு பேரோடு கதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அதற்குப் பிறகு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கொட்டிலுக்குள் பெண்கள் வேலை செய்வதால் அந்தப் பக்கம் அவன் அதிகம் போகவும் இல்லை. கட்டாரில் ஓயாமல் ஓடியவன், இங்கே ஓய்ந்துபோய் வாசலில் கதிரை போட்டுச் சாய்ந்திருந்தான்.

அப்படி இருந்தபோதுதான் அவனுக்கு அந்த விசயம் கண்ணில் பட்டது. நதீராவின் விரலில் மோதிரம் இல்லை.

அவன் வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை போட்டிருந்தாள். சாலிஹின் மூத்த சகோதரி சுஹறா றாத்தா வீட்டுக்குப் போனபோதும் போட்டிருந்தாள். மற்ற நேரங்களில் விரல் வெறுமையாக இருந்தது. ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு அவன் கொஞ்சம் முந்தி வந்துவிட்டான். கொட்டிலிலிருந்து அவசரமாக வந்த நதீரா அறைக்குள் போய், வெளியே வரும்போது மோதிரத்தோடு வந்தாள். சோறு போடும்போது அது மின்னியது. சாப்பிட்டு முடித்து அவன் கை கழுவிவிட்டு வரும்போது மறுபடி இல்லை.

அவனுக்காகப் போட்டுக் காட்டுகிறாள்! அது சாலிஹின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். அந்தப் பதில் பிடிக்காத பதிலாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பேசாமல் இருந்தான்.

கல்முனைக்குடியில் றாத்தாவைப் பார்க்கப் போன இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டான். சுஹறா றாத்தாவுக்கு எதற்கும் யோசிக்கத் தேவையில்லை. பதில் கையோடு இருக்கும்.

"கல்லு சின்னன் தம்பி, அதான். பொண்டுகள் வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. என்ட மருமகள்ர மோதிரத்தப் பாத்தியா? நடுவுல ஒரு கல்லு, சுத்திவர பொடிக்கல்லு. பூ மாதிரி இரிக்கி. தூரத்தில இருந்தே தெரியும். நீ கொண்டு வந்ததுல ஒத்தக் கல்லுதானே?"

"அது நல்ல கல்லு றாத்தா."

"நல்ல கல்லுதான். ஆரு இல்லண்ட? சுத்திவர நாலு பொடிக்கல்ல வைக்கச் சொல்லு. பெருசாத் தெரியும்."

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. தறிப் பெண்கள் முன்னால், சாரி வாங்க வருகிற பணக்கார வீட்டுப் பெண்கள் முன்னால், நதீராவுக்கு அந்தச் சின்னக் கல்லோடு கையை நீட்ட வெட்கமாக இருக்கலாம். அப்படியென்றால் அவளில் பிழையில்லை, மோதிரத்தில்தான் பிழை. மோதிரத்தில் பிழையென்றால் திருத்திவிடலாம்.

மறுநாள் நதீரா கொட்டிலில் இருந்த நேரம் அலுமாரியைத் திறந்து சிவப்புப் பெட்டியை எடுத்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் கல்முனைக்குப் போனான். பிரதான வீதியில் நகைக்கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு சந்தில் கல் பதிக்கும் சுதனின் சின்ன அறை. கொழும்பில் சில வருடம் வேலை பழகி வந்தவன். கல்முனையில் எந்தக் கடையில் வைர நகை வாங்கினாலும், கல் ஆடினால் கடைசியில் சுதனிடம்தான் வரும் என்று தேநீர்க் கடையில் சொல்லியிருந்தார்கள்.

"வாங்க காக்கா, இருங்க," என்று அண்ணனை அழைப்பதுபோல அழைத்து ஸ்டூலைத் தள்ளினான் சுதன். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். மேசைக்குக் கீழே தோல் விரிப்பு ஒன்று ஏணைபோலத் தொங்கியது. விழும் பொன்தூளும் கல்லும் அதில்தான் தங்கும்.

சாலிஹ் விசயத்தைச் சொன்னான். நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்கள் வேண்டும். கல் பெரிதாகத் தெரிய வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்.

"செய்யலாம். சுத்திவரக் கட்டினா நடுக்கல் ரெண்டு மடங்கு மாதிரித் தெரியும். இப்ப எல்லாரும் கேக்கிறது அதைத்தான்," என்று சொல்லிக்கொண்டே சுதன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி மோதிரத்தை விளக்குக்குக் கீழே பிடித்தான். ஊசி முனையால் கல்லை மெல்லத் தட்டினான்.

"காக்கா, இது புது மோதிரமா?"

"ஓம். இப்பதான் கொண்டு வந்த. ஏன்?"

"கல் ஆடுது. ஒரு நகம் எழும்பியிருக்கு. எதிலயோ கொழுவி இழுபட்டிருக்கு. இப்பிடியே போட்டிருந்தா ஒரு நாளைக்குக் கல் போன இடம் தெரியாது."

சாலிஹ் ஸ்டூலை மேசைக்குக் கிட்ட இழுத்தான். சுதன் இடுக்கியை நகத்துக்கு அடியில் விட்டு எதையோ உருவினான். உருவியதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்தான். தலைமயிரை விட மெல்லிய ஒரு நூல், மயில்நீல நிறம்.

அந்த நிறம் சாலிஹுக்குத் தெரியும். கொட்டிலின் முதல் தறியில், வாசல் கதிரையில் இருந்தாலே கண்ணில் படும்படி விரிந்து கிடந்த நீளவாட்டுப் பாவு நூலெல்லாம் அந்த நிறம்தான். நிந்தவூர்க் கல்யாண வீடு ஒன்றுக்கு நதீரா தன் கையாலேயே நெய்துகொண்டிருந்த சாரி.

"வீட்டில அவங்க என்ன வேலை?" என்று கேட்டான் சுதன்.

"தறி நெய்யிற."

"அப்ப சரி. இந்த நாலு நகமும் நாலு தூண்டில் காக்கா. நூலுக்குள்ள கை போனாப் பிடிக்காம விடாது. சுத்திவரக் கல்லுக் கட்டினா அதுக்கு இன்னும் எத்தினை நகம் வரும் எண்டு யோசிச்சுப் பாருங்க." பிறகு கேட்டான்: "நெய்யேக்க அந்தக் கை என்ன செய்யும்? மோதிரம் போடுற கை?"

சாலிஹ் இரண்டு கையையும் தூக்கி நெய்வதுபோலக் காட்டப் பார்த்தான். வலது கை எதையோ இழுக்கும். இடது கை? பாவுக்கு மேலே இருக்குமா, கீழே போகுமா? மனைவி நெய்கிறாள் என்பது தெரியும். எப்படி நெய்கிறாள் என்று அவன் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

"பாத்திட்டு வாங்க. அவங்களையும் கூட்டிக்கொண்டு வந்தா இன்னும் நல்லம். அவசரமில்ல," என்று சுதன் அந்த நகத்தை மட்டும் அமர்த்திக் கொடுத்தான். நூலை மடித்த காகிதத்தையும் சாலிஹ் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த கையோடு கொட்டில் வாசலில் நின்று செருமினான். பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். "வரலாமா?" என்று கேட்டான்.

"உங்கட வீட்டுக்கு நீங்க வர ஆரிட்ட கேக்கிற?" என்றாள் நதீரா, தறியிலிருந்து கையை எடுக்காமல்.

உள்ளே போய் நூல் மூட்டை ஒன்றின் மேல் அமர்ந்தான். சத்தத்துக்குக் காது பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கண் பழகியது. நதீராவின் கால் மிதியை மாற்றி மாற்றி மிதித்தது. வலது கை கயிற்றைச் சுண்ட, நூல்கட்டை வைத்த நாடா பாவுக்கு நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது. இடது கை சட்டத்தைப் பிடித்துத் தன் பக்கம் ஓங்கி இழுத்தது. சுண்டல், பாய்ச்சல், இழுப்பு. இடது கைக்கு மோதிரத்தால் பெரிய தொந்தரவு இருக்காதே என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போது பாவில் ஒரு நூல் அறுந்தது. நதீரா நிறுத்தினாள். இடது கையைப் பாவுக்குக் கீழே விட்டு, நூற்றுக்கணக்கான நூல்களுக்கு நடுவே விரல்களை மேலே கொண்டுவந்து, அறுந்ததைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். பிறகு விரல்களை அதே வழியால் உருவி எடுத்தாள். ஒரு நூல்கூட அசையவில்லை. தண்ணீருக்குள் விட்டு எடுத்ததுபோல இருந்தது அந்தக் கை.

அந்தக் கையில் நாலு தூண்டிலைப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தான் சாலிஹ்.

"என்ன மச்சான், வேலைக்கு ஆள் எடுக்க வந்த மாதிரிப் பாக்கிறீங்க?"

அவன் எழுந்து போய், மடித்த காகிதத்தை விரித்து அவள் முன்னால் பாவின் மேல் வைத்தான். நீலத்தின் மேல் நீலம். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் சிவந்தது.

"அலுமாரியத் தொறந்தீங்களா?"

"ஓம். கல்முனைக்குக் கொண்டு போன. ஏன் புள்ள சொல்லல்ல?"

நதீரா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் பக்கத்துத் தறியிலிருந்து வந்தது. "ரெண்டு தரம் இழுத்துப்போட்டுது தம்பி," என்றாள் பாலம்மா. "ஒருக்காப் பத்துப் பதினைஞ்சு நூல் ஒண்டா அறுந்துபோச்சு. அரை நாள் இருந்து முடிச்சுப் போட்டம். நான்தான் சொன்னன், கழட்டி வையுங்கோ பிள்ளை எண்டு."

"நீங்க பெட்டியத் தொறந்து முதல் எடுத்த சாமான் அது," என்றாள் நதீரா மெதுவாக. "அவ்வளவு காலம் அங்க கிடந்து ஒழச்சி, எனக்கெண்டு வாங்கி வந்தது. அது என்ட நூல அறுக்குது எண்டு எந்த வாயால சொல்லுற? அதான் நீங்க இரிக்கக்குள்ள போட்டன், வேலையில கழட்டின."

"நான் என்ன நினைச்சன் தெரியுமா? கல்லு சின்னன் எண்டு உனக்கி வெக்கம் எண்டு நினைச்சன்."

நதீரா நிமிர்ந்து பார்த்தாள். "சின்னனா? ஆரு சொன்ன?"

சாலிஹ் றாத்தாவின் பேரை எடுக்கவில்லை.

"நீங்க பகல் லுஹர் தொழப் பள்ளிக்குப் போனா, நான் அறைக்குள்ள போய் அத யன்னலுக்கு நேர புடிச்சிப் பாத்துக்கிட்டு நிக்கிற. வேணுமெண்டா உங்கட மகளிட்டக் கேட்டுப் பாருங்க. அவள் எத்தின தரம் என்னக் கையும் களவுமாப் புடிச்சிரிக்காள்!"

பாலம்மா முதலில் சிரித்தாள். பிறகு மற்றவர்கள். சாலிஹுக்கும் சிரிப்பு வந்தது. அன்று பின்னேரம் வரை அவன் கொட்டிலை விட்டுப் போகவில்லை. ராட்டையில் நூல் சுற்றப் பார்த்தான். சுற்றியது பாதி அவிழ்ந்து காலில் சுற்றிக்கொண்டது. நதீரா வந்து அவிழ்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சுதனிடம் போனார்கள். சுதன் ஒரு தட்டை எடுத்து மேசையில் வைத்தான். வெள்ளியில் செய்து கண்ணாடிக்கல் பதித்த மாதிரி மோதிரங்கள் வரிசையாக இருந்தன. "பாத்து எடுங்க அக்கா. எல்லாத்திலயும் கல் ஒண்டுதான், பிடிக்கிற விதம்தான் வேற."

நதீரா உடனே எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு கண்டு மயில்நீல நூலை எடுத்தாள். சாலிஹுக்கே அது தெரியாது.

"தம்பி, இதுக்கால ஒவ்வொண்டாப் போட்டு இழுத்துப் பாக்கட்டா?"

சுதன் கண்ணை அகல விரித்தான். பிறகு நூல்கண்டின் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டான். மறு நுனியைச் சாலிஹ் பிடித்தான். நடுவே விரிந்த நூலுக்குள் நதீரா ஒவ்வொரு மோதிரமாகப் போட்ட விரலை விட்டு உருவினாள்.

நான்கு நகம் வைத்த மோதிரம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆறு நகம் வைத்ததும் அப்படித்தான். "ஆறு நகம் கல்லை நல்லா இறுக்கிப் பிடிக்கும். ஆனா கொழுவுறதுக்கும் ரெண்டு கூட," என்றான் சுதன். சுற்றிவரப் பொடிக்கல் கட்டியது பூப்போல அழகாக இருந்தது. அதை நூலுக்குள் விட்டதும் பூவின் இதழ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நூலைப் பிடித்துக்கொண்டது. மூவரும் சேர்ந்து பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. தான் முதலில் கேட்டது இதைத்தான் என்று சாலிஹ் கூரையைப் பார்த்தான்.

அடுத்தது, இரண்டு தங்க வரம்புக்கு நடுவே கற்களை ஒன்றோடொன்று ஒட்டி நிரைத்தது.

"இது வயலுக்குத் தண்ணி பாயிற வாய்க்கால் மாதிரி இரிக்கி," என்றான் சாலிஹ்.

"அதேதான் காக்கா. வேலை செய்யிற கைக்கு நல்லம். ஆனா ஒரு கல்லுக்கு இது சரிவராது, நிரையாக் கல் வேணும்."

பொடிக்கற்களை வளையம் முழுக்கப் பரப்பிப் பதித்த ஒன்று இருந்தது. கல்லே தெரியாமல் மினுக்கம் மட்டும் தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்த நதீரா, "மரம் தேய்க்கிற உப்புத்தாள் மாதிரி," என்று ஒதுக்கினாள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்றில் தடித்த வளையத்துக்குள் குழி எடுத்துக் கல்லை முழுக்கப் புதைத்திருந்தது; மேல்பக்கம் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. மற்றதில் நகத்துக்குப் பதிலாகக் கல்லைச் சுற்றிவர ஒரு மெல்லிய தங்க விளிம்பு. கிணற்றுக்குக் கட்டு கட்டியதுபோல. இரண்டுமே நூலுக்குள் போய்ச் சத்தமில்லாமல் வெளியே வந்தன.

"புதைச்சதுதான் ஒண்டுக்கும் பயமில்லாதது," என்றான் சுதன். "சீமெந்து குழைச்சாலும் கல் அசையாது."

"அப்ப அதையே செய்வம்," என்றான் சாலிஹ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. டோகாவில் அந்தக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ தரம் நின்று, கல் உயர்ந்து நிற்கிற அழகைப் பார்த்தே அவன் அதை வாங்கினான். இப்போது அது ஒரு குழிக்குள் போகப்போகிறது. ஆனாலும் அவளுடைய கைக்கு அதுதான் சரியென்றால் சரி.

நதீரா அந்த மோதிரத்தை விரலில் போட்டுத் தூர வைத்துப் பார்த்தாள். கிட்ட வைத்துப் பார்த்தாள். பிறகு கழற்றித் தட்டில் வைத்தாள்.

"இது வேணாம்."

"ஏன்? நூல் இழுக்காதே?"

"நூல் இழுக்காதுதான். ஆனா கல்லு ஒளிச்சிக்கிட்டிரிக்கி. நீங்க ஆசைப்பட்டு வாங்கின கல்ல நான் ஏன் ஒளிச்சி வைக்கிற? எனக்கி நூலும் அறப்படா, கல்லும் தெரியோணும்." விளிம்பு கட்டியதை எடுத்தாள். "தம்பி, இதச் செஞ்சி தாங்க."

சாலிஹ் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். கல் எடுப்பாகத் தெரிய ஆசைப்பட்டவன் தான் மட்டும்தான் என்று அவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

சுதன் ஒன்றை மறைக்காமல் சொன்னான். விளிம்பு கட்டினால் பக்கத்து வெளிச்சம் தடைபடும். இப்போது இருப்பதை விட மினுக்கம் ஒரு சொட்டுக் குறையும். ஆனால் அடிப்பக்கத்தைத் திறந்து விடுவான். விளிம்பைத் தாழ்வாக, வெளிப்பக்கம் சாய்வாக வைத்தால் நூல் ஏறி வழுக்கி இறங்கிவிடும். "சாய்வு எவ்வளவு எண்டு பாக்க அந்த நூலைக் கொஞ்சம் தந்திட்டுப் போங்க அக்கா," என்றான். நதீரா கண்டையே கொடுத்துவிட்டாள்.

அடுத்த கிழமை கல்லைப் பதிக்கும்போது பார்க்க வரலாம் என்று கூப்பிட்டான். அவர்கள் போனபோது பழைய நகங்களை அறுத்தெடுத்து, அந்த இடத்தில் புது விளிம்பு ஒட்டியிருந்தான். கல்லை இடுக்கியால் தூக்கி விளிம்புக்குள் இருத்தினான். பிறகு தட்டை முனையுள்ள சின்ன உளியால் விளிம்பை உள்பக்கம் தள்ளத் தொடங்கினான். வடக்கே ஒரு தள்ளு. உடனே மோதிரத்தைத் திருப்பித் தெற்கே ஒரு தள்ளு. பிறகு கிழக்கு, பிறகு மேற்கு.

"லொறிச் சில்லுக்கு நட்டு இறுக்கிற மாதிரி," என்று சாலிஹ் மெல்லச் சொன்னான்.

"ஓம் காக்கா. ஒரு பக்கத்தையே இறுக்கினாக் கல் சரிஞ்சிடும்."

நதீரா மேசைக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுதன் ஓரிடத்தில் நிறுத்தி, கல்லின் விளிம்பில் தங்கம் படிந்துவிட்டதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்து, திரும்பவும் ஒரு சுற்றுத் தள்ளினான். கடைசியில் அரம் போட்டு, மினுக்கி, வெந்நீரில் கழுவித் துடைத்தான். தன்னிடமிருந்த நூல்கண்டுக்குள் தானே ஒருமுறை விட்டு உருவிக் காட்டினான். ஒரு நூலும் எழும்பவில்லை.

அவள் இடது கையை நீட்டினாள். சுதன் மோதிரத்தைச் சாலிஹின் பக்கம் நீட்டினான். "நீங்க போட்டு விடுங்க காக்கா. அதுதான் முறை."

சாலிஹ் கூச்சத்தோடு வாங்கிப் போட்டுவிட்டான். தாழ்ந்த தங்கக் கட்டுக்குள் கல் வட்டமாக, நிறைந்த கிணற்றில் விழுந்த பகல்போல இருந்தது. மினுக்கம் குறைந்திருந்ததா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கல்லை அவன் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஷா அல்லாஹ்," என்றாள் நதீரா.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி, கடற்கரை வீதியில் சுடச்சுட இறால் வடை வாங்கிச் சாப்பிட்டார்கள். எண்ணெய்க் கையைத் துடைக்கும்போது மோதிரத்தைக் கழற்றவா என்று பார்த்தாள். தேவையில்லை என்று தெரிந்ததும் அப்படியே துடைத்துவிட்டாள்.

நிந்தவூர்ச் சாரி அந்த மாதமே முடிந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் சாலிஹ்தான். கல்யாண வீட்டுக்காரர் விரித்துப் பார்த்து, கரையில் இருக்கும் பூ எப்படி விழுகிறதென்று கேட்டபோது, அவன் தானே நெய்தவன்போல விளக்கிச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் அவ்வளவும் தனக்குத் தெரிந்திருக்கிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த வீட்டிலிருந்து இன்னும் இரண்டு சாரிக்குச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது காலையில் அவன் கடற்கரைக்குப் போய்வந்தால் வாசல் கதிரையில் இருப்பதில்லை. ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்து மாணவிகள் சால்வை வேண்டுமென்று சொன்னதும் அவன்தான் கொண்டு போனான். நூல் வாங்குவதும் சாயத்துக்கு ஆள் பார்ப்பதும் அவன் பக்கம் வந்துவிட்டன. ராட்டை மட்டும் அவனுக்குச் சரிவரவில்லை; பாலம்மா அவனை அதன் கிட்ட விடுவதில்லை.

இன்று காலையும் நதீரா தறியில் இருக்கிறாள். அடுத்த பாவு மாதுளை நிறம். நூல் ஒன்று அறுந்ததால், மோதிரத்தோடேயே கையைக் கீழே விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள். சாலிஹ் வாசலில் வண்டியை உருட்டி வெளியே எடுக்கிறான்.

"மச்சான், காத்தான்குடி ஆக்கள் சாரி பாக்கப் பின்னேரம் வராங்களாம். விலைய நீங்க பேசாதீங்க, கொறச்சிப் போடுவீங்க!" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள்.

"நான் ஒண்டும் பேச மாட்டன். தேத்தண்ணி மட்டும் ஊத்திக் குடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவன் வண்டியை உதைத்துக் கிளப்புகிறான்.